மூணு நாள் ரூமில் பதினைந்து நாள்

முதலில் இரண்டாவது குழந்தை, அயோடின் மருந்தெல்லாம் அதற்கு அப்புறம். என் மாமியார் வீட்டில் இப்படித்தான் முடிவு செய்தார்கள். முடிவு செய்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட். தைராய்டு என் கழுத்தில் இருந்தது, குழந்தையைச் சுமக்க வேண்டியது நான், ஆனால் அந்தப் பேச்சுக்கு நான் தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே என் கணவர் அதை எனக்குத் தெரிவித்தார். நாளைக்கு ஒன்பது மணிமுதல் கரண்ட் இருக்காது என்று சொல்வார்களே, அந்தக் குரலில்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றேன்.

"கத்தாத. உனக்கு இப்ப தைராய்டு ஜாஸ்தியா இருக்குது, அதான் கோவம் வருது" என்றார்.

அந்த இரண்டு வருடமும் என் வாயை அடைக்க எல்லோருக்கும் இது ஒன்றே போதுமாக இருந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று நான் சொன்னால் தைராய்டு. தண்ணீர் லாரி வராததற்கு வீட்டு ஓனரிடம் சண்டை போட்டால் தைராய்டு. நியாயமான கோபம் என்று ஒன்று எனக்கு வரக்கூடும் என்பதை யாரும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். வண்டி உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் கடைசிப் பரிசோதனை மேஜை என்னுடையது. மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து, சரியா தப்பா என்று பிரித்துப் போட வேண்டும். அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அவருடைய ஊர் வேப்பனப்பள்ளியைத் தாண்டி, மாந்தோப்பும் கொஞ்சம் மேட்டு நிலமும் உள்ள குடும்பம். அவர்கள் தமிழில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். என் தமிழைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். ஓசூரில் இரண்டு அறை வாடகை வீடு, ஐந்து வயதில் ஒரு மகள். எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

வியாதி வந்தபோது அது வியாதி என்றே எனக்குத் தெரியவில்லை. ஓசூரில் மார்கழிக் குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும்போது எனக்கு மட்டும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூன்று வேளையும் அள்ளிச் சாப்பிட்டேன், எடை மட்டும் குறைந்துகொண்டே போனது. ராத்திரி படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது தலையணையில் கேட்டது. கூட வேலை பார்க்கிற பெண்கள், "எப்படி இவ்ளோ ஒல்லியா ஆன, எங்களுக்கும் சொல்லு" என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு ஷிஃப்டில் இரண்டு டிரே நல்ல பாகங்களை ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிட்டேன். மைக்ரோமீட்டரைப் பிடித்த கை ஆடினால் அளவு எப்படிச் சரியாக வரும்? சூப்பர்வைசர் திட்டவில்லை. என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினோரு வருடம் உட்கார்ந்த மேஜையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பெங்களூரு டாக்டர், ஒன்றரை வருடம் மாத்திரை. மாத்திரையில் சரியானது. மேஜையும் திரும்பக் கிடைத்தது. மாத்திரையை நிறுத்திய நாலாவது மாதம் கை மறுபடியும் ஆடியது. மறுபடியும் பேக்கிங்.

டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். மூன்று வழி இருக்கிறது. மறுபடியும் மாத்திரை, ஆனால் திரும்பத் திரும்ப வரலாம். ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடலாம். இல்லையென்றால் கதிரியக்க அயோடின். ஒரு வேளை மருந்து, அது கழுத்துச் சுரப்பிக்குப் போய் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். அநேகமாக அதற்கப்புறம் சுரப்பி மந்தமாகிவிடும், ஆயுசுக்கும் காலையில் ஒரு மாத்திரை போட வேண்டியிருக்கும். மருந்து எடுத்தபின் குறைந்தது ஆறு மாதம் கர்ப்பம் ஆகக்கூடாது. முதல் இரண்டு வாரம் சின்னக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும்.

"குழந்தை பெத்துட்டு அப்புறமா எடுத்துக்கலாமா?" என்று கேட்டது என் கணவர்.

"எடுத்துக்கலாம். மாத்திரையை மாத்திக் கொடுத்து, கவனமா பாத்துக்கிட்டு பெத்துக்கிறவங்க இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா அவசரம் இல்லேன்னா, முதல்ல இதை ஒரு நிலைக்குக் கொண்டு வந்துடுறது நல்லது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

ஆக, மாமியார் வீட்டு முடிவு முழு முட்டாள்தனம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. அவர்கள் சொன்னது நடக்கக்கூடிய வழிதான். என்னைக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

நான் அயோடின் என்று முடிவெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எனக்கு இது முடிய வேண்டும். நடுங்குகிற கையோடு இன்னொரு குழந்தையைத் தூக்க எனக்கு மனதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மனதில்லை. நாள் முழுக்க ஆயிரம் பாகங்களைப் பார்த்து இது சரி, இது தப்பு என்று சொல்கிறவளுக்குத் தன் கழுத்தைப் பற்றி ஒரு முடிவு சொல்லத் தெரியாதா?

அடுத்த வாரம் ஊருக்குப் போய் நானே சொன்னேன். மாமியார் மாங்காய்க் கூடைகளை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அணுகுண்டுல வெக்கிற சாமானாமே. அதைக் குடிச்சா கர்ப்பப்பை வெந்துபூடும்" என்றார்.

"அது கழுத்துக்குப் போறது அத்தை. வயித்துக்குப் போறது இல்ல."

"கழுத்துக்கும் வயித்துக்கும் நடுவுல இன்னா கேட்டுக் கதவு போட்டு வெச்சிக்கிறாங்களா?"

லாரியில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது.

"நான் தேதி வாங்கிட்டேன் அத்தை. மே மாசம்" என்றேன். அப்போது அவர் நிமிர்ந்தார். மகனைப் பார்த்தார். மகன் மாமரத்தைப் பார்த்தார்.

தேதி வாங்கியதுதான் வாங்கினேன், இருக்க இடம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஓசூர் வீட்டில் எங்களுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே கழிவறை. பக்கத்துப் போர்ஷனில் ஓனருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். கூடவே கூடாது என்றார். தனி அறை, தனிக் கழிவறை, தனித் தட்டு, தனிப் படுக்கை. என் கணவர் உடனே, "அப்ப தள்ளிப் போட்டுரலாமா?" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பிடிவாதம் இரண்டு மடங்கானது.

தனி அறையும் தனிக் கழிவறையும் உள்ள ஒரே ஒரு இடம் எனக்குத் தெரியும். மாமியாரின் மாந்தோப்பு ஓரத்தில், வீட்டிலிருந்து நூறு அடி தள்ளி, ஓடு போட்ட ஒரு சின்ன அறை. வீட்டில் எல்லோரும் அதை மூணு நாள் ரூம் என்பார்கள். மாதவிலக்கான பெண்கள் மூன்று நாளும் அங்கேதான். பாய், தட்டு, டம்ளர் எல்லாம் தனி. சாப்பாடு படியில் வைக்கப்படும். நாலாம் நாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டால் வீட்டுக்குள் வரலாம். அந்த ஊரில் இப்படி ஒரு அறை பல வீடுகளில் உண்டு. வேலைக்குப் போகிற, பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண்கள்கூட மறுபேச்சில்லாமல் போய் உட்காருவார்கள்.

நான் உட்காரவில்லை. கல்யாணமாகி முதல் மாதம் மாமியார் என்னை அந்த வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பாயைக் காட்டினார். நான் அப்படியே திரும்பி நடந்து, பஸ் ஏறி ஓசூர் வந்து சேர்ந்தேன். இந்த வாசப்படியை என் காலால் மிதிக்க மாட்டேன் என்று என் கணவரிடம் சத்தியம் பண்ணினேன். அதற்கப்புறம் ஏழு வருடமும் நாள் பார்த்துத்தான் ஊருக்குப் போவேன். மாமியார் அதைப் பற்றிப் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். இருவரும் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

இப்போது அந்த அறையை நானே போய்க் கேட்க வேண்டும். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். என்னை அங்கே உட்காரச் சொன்னது வேறு, நான் அதைக் கேட்டு வாங்குவது வேறு. சுவர் அதேதான், ஆனால் உள்ளே அனுப்பப்படுகிறவளும் தானாக உள்ளே போகிறவளும் ஒருத்தி இல்லை. கேட்டுவிட்டேன்.

மாமியார் இதற்காகத்தான் ஏழு வருடம் காத்திருந்தவர் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னப்ப உக்காரல. இப்ப டாக்டர் சொன்னா உக்காருவியா?"

"டாக்டர் சொல்லல அத்தை. நான்தான் கேக்கேன்."

"சாமி இருக்கிற தோட்டம். அந்த ரூமுக்கு ஒரு மொறை இருக்குது. வெஷத்தைக் குடிச்சிட்டு வந்து உக்காற எடம் இல்ல அது."

"சரி, விடுங்க. கிருஷ்ணகிரியில லாட்ஜ்ல ரூம் எடுத்துக்கிடுறேன். மருமக லாட்ஜ்ல இருக்கான்னு ஊருக்குள்ள நீங்களே சொல்லிக்கிடுங்க."

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் நான் லாட்ஜில் போய்த் தங்கியிருக்க மாட்டேன், அது அவர்களுக்கு நியாயம் இல்லை. ஆனால் சொல்வதற்கு என்ன? அந்த அறைக்குப் பூட்டுக் கிடையாது. மாமியாரின் வாய்ச்சொல்தான் பூட்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த மௌனத்தை உடைத்தது என் கணவர். அந்தச் சனிக்கிழமை ஓசூரிலிருந்து ஒரு ஃபேன், ஒயர் சுருள், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். நேராகத் தோட்டத்துக்குப் போய் அந்த அறைக்குள் நுழைந்தார். ஆண்கள் அந்தப் படியை மிதிப்பதே இல்லை. அவருடைய அப்பாகூட அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம். மாமியார் வீட்டு வாசலிலிருந்து கத்தினார்.

"டேய்! ஆம்பள போற எடமாடா அது?"

"ஃபேன் மாட்டணும்மா" என்றார் உள்ளேயிருந்து. ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்.

அவர் என்னிடம், உன் பக்கம்தான் இருக்கிறேன் என்று வாயால் சொன்னதில்லை. இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அன்று மாலைக்குள் ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது, கழிவறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் முதலில் கர்ப்பம் இல்லை என்பதற்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். பிறகு கவுண்ட்டரில் ஒரு படிவம். நான் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "யஜமான்ரு எல்லி?" என்றார். கன்னடத்தில் வீட்டுக்காரரை அப்படித்தான் கேட்பார்கள், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சுருக்கென்றது.

"கழுத்து என்னுது. கையெழுத்தும் என்னுதுதான் போடுவேன்" என்றேன் தமிழில். அவருக்குப் புரிந்தது. பெங்களூரில் இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரண்டும் புரியும். கீழே 'கூட வந்தவர் கையெழுத்து' என்று இன்னொரு கட்டம் இருப்பதைக் காட்டினார். அதில் என் கணவர் போட்டார். அது சரிதான், அவர் கூட வந்தவர்தான்.

மருந்து என்னவோ பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கனமான ஈயப் பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குப்பி, ஒரு ஸ்ட்ரா. தண்ணீர் மாதிரி இருந்தது, ருசியே இல்லை. கொடுத்தவர் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இதற்காகவா இத்தனை நாள் சண்டை போட்டோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் பயம் வந்தது. விழுங்கியாயிற்று, இனித் திரும்ப எடுக்க முடியாது.

இரவல் காரில், பின் சீட்டின் ஓரத்தில் நான். அத்திப்பள்ளியில் வழக்கமான நெரிசல். தோட்டத்தில் இறங்கி, நான் சத்தியம் பண்ணிய அந்த வாசப்படியை வலது காலால் மிதித்து உள்ளே போனேன். வலது கால் என்பது வேண்டுமென்றே செய்தது. யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், யாரும் பார்க்கவில்லை.

மகளுக்குப் பள்ளி விடுமுறை. அவள் அவ்வாவோடு, அதாவது என் மாமியாரோடு, பெரிய வீட்டில் இருப்பாள் என்று ஏற்பாடு. காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று கை காட்டுவாள், நான் அறை வாசலிலிருந்து காட்டுவேன். நடுவில் நூறு அடி வெயில். சாப்பாடு படிக்கு வந்தது. வைத்துவிட்டு மாமியார் பத்தடி தள்ளிப் போய், "சாப்டு" என்பார். அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிகிறதா என்று தேடினேன். ஏழு வருடம் கழித்து உட்கார வைத்துவிட்டேன் பார் என்று தெரிகிறதா என்று. எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நானும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

கழுத்து லேசாக வலித்தது. தப்புப் பண்ணிவிட்டேனோ என்று பலமுறை நினைத்தேன். இரண்டாவது குழந்தை எனக்கே வேண்டும் என்று ஒரு நாள் தோன்றி, அப்போது இல்லாமல் போனால்? யார் மேலும் பழி போட முடியாது. சொந்தமாக முடிவெடுப்பதில் இந்த ஒரு கஷ்டம் இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் வியர்வைப் பிசுக்குத் தாங்காமல் தலைக்குக் குளித்தேன். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பெரிய வீட்டு வாசலில் மாமியார் என்னைப் பார்த்தார். ஈர முடியைப் பார்த்தார். உள்ளே போய் மகளுடைய கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தோட்டப் பக்கம் விட்டார்.

"அம்மா தலைக்கு ஊத்திக்கினா. போ, போய் அம்மாவைக் கூட்டிக்கினு வா" என்றது காற்றில் எனக்குக் கேட்டது.

அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அதற்கு ஒரே அர்த்தம்தான். தலைக்குக் குளித்துவிட்டால் முடிந்தது, தொடலாம். மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் எழுந்தேன். "வராத! அங்கயே நில்லு!" என்றேன். அவள் நிற்கவில்லை. நாலு நாளாக அம்மாவைத் தொடாத குழந்தை எப்படி நிற்கும்? நான் ஓடினேன். பெற்ற பிள்ளையைக் கண்டு மாமரங்களுக்கு நடுவே ஈர முடியோடு ஓடினேன்.

முதலில் அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே துரத்தினாள். நான் மோட்டார் ஷெட்டைச் சுற்றினேன், அவளும் சுற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நின்றாள். உதடு கோணியது. "அம்மாவுக்கு என்னைப் புடிக்கல" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். பத்தடி தள்ளி நின்று நானும் அழுதேன். தூக்க முடியவில்லை.

மாமியார் மூச்சிரைக்க ஓடி வந்து அவளை அள்ளினார்.

"தலைக்கு ஊத்தினா போற தீட்டு இல்ல அத்தை இது!" என்று அலறினேன். மாங்காய் பறிக்க வந்தவர்கள் மரத்தின் மேலேயே அப்படியே நின்றுவிட்டார்கள். "பதினஞ்சு நாளு! தண்ணி ஊத்தினாலும் போகாது, பால் ஊத்தினாலும் போகாது! இதுகூடத் தெரியாம பிள்ளைய அனுப்புவீகளா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் குரலும் உயர்ந்தது. "நீ சொன்னியா? ரூம் வேணும்னு சொன்ன. தேதி சொன்ன. இன்னா மருந்து, எத்தினி நாளு, எதுக்கு தள்ளி இருக்கோணும், ஒரு வார்த்த சொன்னியா? எனக்குப் புரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

காபி டம்ளரோடு என் கணவர் எனக்கு எப்படித் தெரிவித்தாரோ, மாங்காய்க் கூடை பக்கத்தில் நின்று மாமியாருக்கு நானும் அப்படித்தான் தெரிவித்திருந்தேன். அவர் வீட்டில், அவர் அறையில், அவர் பேத்தியை வைத்துக்கொண்டு. என் கழுத்தைப் பற்றிய முடிவு என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் விவரம் தெரியாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று விட்டது என் தப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று சொன்னேன். டாக்டரம்மா எனக்குச் சொன்னதை எல்லாம், பத்தடி தள்ளி, கத்திக் கத்திச் சொன்னேன். மாமியார் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். என் உடம்பிலிருந்து அது எப்படி வெளியே போகும், கழிவறைத் தண்ணீர் எங்கே போகும், மாமரத்துக்கு ஆகுமா, மகளுக்கு இவ்வளவு கிட்டே வந்ததால் ஏதாவது ஆகுமா. எனக்குத் தெரியாததை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டேன். இந்த ஒரு நிமிஷத்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றார். மரத்து மேலிருந்தவர் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டார்.

அன்று சாயங்காலம் மாமியார் பெரிய வீட்டுச் சுவரில் கரித்துண்டால் பதினைந்து கோடு போட்டு, மகளை விட்டு அதில் நாலை அடிக்கச் சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து தோட்டத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். காவல். மீதி நாளெல்லாம் மகள் அந்த ஸ்டூலைத் தாண்டவில்லை.

அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் சொன்னார்: "இந்த ரூம்ல உக்காற மூணு நாளுதான் நான் பகல்ல தூங்கினது. மத்த நாள்ல என் மாமியா விடமாட்டா."

"அப்ப உங்களுக்குத் தூக்கத்தை வீட்டுக்குள்ளயே கொடுத்திருக்கணும் அத்தை. அதுக்காக இந்த ரூம் நல்ல ரூமா ஆயிடாது" என்றேன். அவர் ஸ்டூலை நிழலுக்கு நகர்த்தினார். மருந்து வேலை செய்ததா என்று கேட்டார்.

வேலை செய்தது. இரண்டு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. மேஜை திரும்பக் கிடைத்தது, இந்த முறை நானே போய்க் கேட்டு வாங்கினேன். பிறகு டாக்டரம்மா சொன்னபடியே சுரப்பி மந்தமானது. முகம் ஊதியது, எந்நேரமும் தூக்கம், புடவை இடுப்பில் நிற்கவில்லை. இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். இதையும் சேர்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் காஸ் சிலிண்டர்காரரிடம் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு என் கணவர் ஆச்சரியப்பட்டார். தைராய்டுதான் போய்விட்டதே, இன்னும் ஏன் கோபம் வருகிறது என்றார். போனது தைராய்டு மட்டும்தான் என்றேன்.

பத்து மாதம் கழித்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது மாமியாரும் வருவேன் என்று கிளம்பினார். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் ஸ்டெடியா இருக்கு. இனிமே நீங்க குழந்தைக்கு ப்ளான் பண்றதுன்னா பண்ணலாம்" என்றார்.

மாமியார் முகம் மலர்ந்தது. என் கணவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் செகண்ட் ஷிஃப்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"குழந்தை வேணுமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

டாக்டரம்மா குனிந்து மாத்திரைச் சீட்டு எழுத ஆரம்பித்தார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பம்மா சொல்லுவ?"

"தெரியல அத்தை. வேண்டாம்னுகூடச் சொல்லுவேன்."

என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வலித்தது, அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சரி, எதுன்னாலும் சொல்லு" என்றார்.